பதினெட்டு முடிந்து இல்லத்தை விட்டு வெளியேறும் பிள்ளைகளுக்கு வழிகாட்டியாக வருவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குழந்தைகள் இல்லங்களில் வளர்ந்த பிள்ளைகள் தனி வாழ்க்கைக்குப் போகும் அந்த இரண்டு மூன்று ஆண்டுகளில் துணை நிற்க விரும்பித் தமிழ்நாட்டில் பலர் முன்வருகிறார்கள். வழிகாட்டிகளைப் பிள்ளைகளோடு சேர்த்துவைக்கும் எங்களிடம் அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. எது சட்டம், எது அரசுத் திட்டம் என்று அங்கங்கே சொல்லியிருக்கிறோம். மற்றவை பல ஆண்டுகள் இந்தப் பிள்ளைகளோடு பழகியதில் எங்களுக்கு உறுதிப்பட்ட கருத்துகள்.

இந்தப் பிள்ளைகள் எல்லோரும் பெற்றோர் இல்லாதவர்களா?

இல்லை. இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் பலருக்குத் தாயோ தந்தையோ உண்டு. வறுமை, குடி, தாயின் நோய், தந்தையின் சிறைவாசம், மறுமணம், குழந்தைத் திருமணத்திலிருந்து மீட்கப்பட்டது என்று காரணம் ஆளுக்கு ஆள் மாறும். ஆகவே “பாவம், யாருமில்லாத பிள்ளை” என்ற எண்ணத்தோடு வராதீர்கள். ஒரு பெண் தன் அம்மாவைப் பற்றிக் கோபமாகப் பேசுவாள். அடுத்த வாரமே தன் உதவித்தொகையில் அம்மாவுக்குப் புடவை வாங்கி வைத்திருப்பாள். இரண்டும் உண்மைதான். எதையும் நீங்கள் தீர்ப்புச் சொல்லத் தேவையில்லை.

பதினெட்டு வயது முடிந்த மறுநாளே வெளியே அனுப்பிவிடுவார்களா?

2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின்படி பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்தான் குழந்தை. அந்த வயதோடு குழந்தைகள் இல்லத்தின் பொறுப்பு முடிகிறது. ஆனால் அதே சட்டம் பிற்காப்பு என்ற ஒன்றையும் சொல்கிறது: பதினெட்டு முடிந்து இருபத்தொன்று முடியாதவர்களுக்குப் பண உதவியும் பிற உதவியும் தர வழி செய்கிறது. 46ஆம் பிரிவு இதற்கென்றே இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் மாதிரி விதிகள் தனிப்பட்ட சூழ்நிலைகளில் இதை மேலும் இரண்டு ஆண்டுகள், அதாவது 23 வயதுவரை நீட்டிக்க இடம் தருகின்றன. ஆறு முதல் எட்டுப் பேர் சேர்ந்து தங்கும் தற்காலிகக் குழு வீடுகள், தொழிற்பயிற்சிக் காலத்துக்கு உதவித்தொகை, தொடர்ந்து பேச ஓர் ஆலோசகர் ஆகியவையும் அந்த விதிகளில் உள்ளன.

சட்டத்தில் இருக்கிற சொல் “வழங்கலாம்” என்பதுதான். கேட்டு வாங்க வேண்டும், விண்ணப்பிக்க வேண்டும், பின்தொடர வேண்டும். பதினெட்டு வயதுப் பையன் ஒருவன் தனியாக இதைச் செய்வான் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. ஒரு பெரியவர் கூடப் போனால் நிலைமை மாறுகிறது.

அரசு உதவித்தொகை இருக்கும்போது தன்னார்வலர் எதற்கு?

குழந்தைகள் பாதுகாப்புக்கான மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் பிற்காப்புக்கு மாதம் 4,000 ரூபாய் தர வழி உண்டு. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகிற பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் 2022 முதல் கிடைக்கிறது. பையன்களுக்கு அதே தொகை தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் 2024 ஆகஸ்ட் முதல் கிடைக்கிறது. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்திருந்தால் பொறியியல், மருத்துவம் முதலிய தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத ஒதுக்கீடும் உண்டு. இல்லப் பிள்ளைகளில் பெரும்பாலோர் அரசுப் பள்ளியில்தான் படிக்கிறார்கள் என்பதால் இவை அவர்களுக்குப் பெரிய பலம்.

ஆனால் திட்டம் எதுவும் இரவு பத்து மணிக்குப் போனை எடுக்காது. வாடகை வீட்டுக்காரர் “உனக்கு யார் இருக்கிறார்கள்?” என்று கேட்கும்போது பக்கத்தில் நிற்காது. எந்தக் காகிதத்திலும் கையெழுத்திடும் முன் இவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று தோன்றும்படி ஓர் ஆள் இருப்பதுதான் குடும்பத்தில் வளர்ந்த பிள்ளைக்கும் இல்லத்தில் வளர்ந்த பிள்ளைக்கும் உள்ள பெரிய வேறுபாடு. அந்த ஓர் ஆளாக இருக்க முடியுமா என்றுதான் உங்களைக் கேட்கிறோம்.

யார் வரலாம்? சமூகப் பணி படித்திருக்க வேண்டுமா?

வேண்டாம். மின்வாரிய ஊழியர், தையல் கடை வைத்திருப்பவர், ஓய்வு பெற்ற ஆசிரியை, வங்கி எழுத்தர் என எல்லோரும் நன்றாகச் செய்திருக்கிறார்கள். பொறுமையும் சொன்ன நேரத்துக்கு வரும் பழக்கமும் இருந்தால் போதும். அறிவுரை சொல்வதில் ஆர்வம் மிகுந்தவர்களுக்குத்தான் இந்தப் பணி கடினமாக இருக்கிறது. இந்தப் பிள்ளைகள் சிறு வயதிலிருந்தே அறிவுரை கேட்டுக்கேட்டு வளர்ந்தவர்கள். பிறந்தநாளுக்குக் கேக் வெட்ட வந்த ஒவ்வொரு விருந்தினரும் நாலு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் போயிருப்பார்.

பெண்களுக்குப் பெண் வழிகாட்டி, பையன்களுக்கு ஆண் வழிகாட்டி என்பதையே நாங்கள் விரும்புகிறோம். தம்பதியாக வருகிறவர்கள் இருவரும் சேர்ந்தே சந்திக்கலாம்.

எவ்வளவு காலம்? வாரத்துக்கு எத்தனை மணி நேரம்?

பதினாறு அல்லது பதினேழு வயதில், பிள்ளை இல்லத்தில் இருக்கும்போதே தொடங்குவது நல்லது. வெளியேறிய பிறகும் ஓராண்டு தொடர வேண்டும். ஆக, குறைந்தது இரண்டு ஆண்டுகள். மாதம் இரண்டு முறை நேரில், வாரம் ஒரு முறை போனில். நேரம் அதிகமில்லை, தவறாமல் வருவதுதான் முக்கியம்.

இரண்டு ஆண்டுகள் இருக்க முடியுமா என்பதில் ஐயம் இருந்தால் இப்போது சேராதீர்கள். வெளிநாட்டு வேலைக்கு முயன்றுகொண்டிருந்தாலும், வீட்டில் திருமணம், பிரசவம் என்று பெரிய காரியம் இருந்தாலும் அது முடிந்த பிறகு வாருங்கள். வந்து பழகி நடுவில் நின்றுபோன பெரியவர்களை இந்தப் பிள்ளைகள் ஏற்கெனவே நிறையப் பார்த்துவிட்டார்கள். இன்னொருவராகச் சேர வேண்டாம். கணினிப் பாடம் எடுப்பது, ஒருநாள் நேர்முகத் தேர்வுப் பயிற்சி தருவது போன்ற குறுகிய காலப் பணிகளும் தேவைப்படுகின்றன, அவற்றைச் செய்யலாம்.

போலீஸ் சரிபார்ப்பு எதற்கு? என்னைச் சந்தேகப்படுகிறீர்களா?

எல்லோருக்கும் கேட்கிறோம். தமிழ்நாடு காவல்துறையின் இணையச் சேவையில் விண்ணப்பித்தால் சரிபார்ப்புச் சான்று கிடைக்கும். பதினெட்டு முடியாத பிள்ளையைச் சந்திப்பது இல்ல வளாகத்தில், பிறர் கண்ணில் படும் இடத்தில் மட்டும். வெளியே அழைத்துப் போவதற்கு இல்லக் கண்காணிப்பாளரின் எழுத்து அனுமதி வேண்டும். இந்தப் பிள்ளைகளின் பாதுகாப்பு பற்றிச் சட்டப்படி முடிவெடுக்கும் குழந்தைகள் நலக் குழுவின் உத்தரவு தேவைப்படும் சூழலும் உண்டு. நல்ல நோக்கத்தோடு வருகிறவர்கள் இந்தக் கட்டுப்பாடுகளால் காயப்படத் தேவையில்லை. இவற்றை மீறச் சொல்லிக் கேட்பவர்களை நாங்கள் சேர்ப்பதில்லை.

முதல் சந்திப்பில் என்ன பேசுவது?

குடும்பத்தைப் பற்றிக் கேட்காதீர்கள். “எப்படி ஹோமுக்கு வந்தாய்?” என்ற கேள்வியை அவர்கள் எண்ணற்ற முறை கேட்டுவிட்டார்கள். அதற்கென்று மனப்பாடமாக ஒரு பதிலும் வைத்திருப்பார்கள். கிரிக்கெட், சமையல், போன், பரீட்சை என்று எதையாவது பேசுங்கள். கேரம் பலகை இருந்தால் விளையாடுங்கள். முதல் இரண்டு மாதம் “சார்”, “மிஸ்” என்றுதான் அழைப்பார்கள். அண்ணா, அக்கா, மாமா என்று மாறுவது அவர்களாக எடுக்கும் முடிவு. “என்னை அப்பா என்று கூப்பிடு” என்று யாரும் சொல்லக் கூடாது.

முதலில் கவனிக்க வேண்டிய வேலை எது?

ஆவணங்கள். தயக்கமே இல்லாமல் சொல்வோம். வேலை, படிப்பு, வீடு எல்லாம் இதற்குப் பிறகுதான்.

ஆதாரில் இருக்கும் பிறந்த தேதியையும் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் இருக்கும் தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெயரின் முதலெழுத்தையும் பாருங்கள். இல்லத்தில் சேர்த்த அன்று யாரோ சொன்ன தேதி ஒன்றிலும், பள்ளியில் எழுதிய தேதி இன்னொன்றிலும் இருக்கும். ஆதாரில் பிறந்த தேதியை ஒரு முறைதான் திருத்த முடியும் என்பதால் எந்தத் தேதி இறுதியானது என்று முடிவு செய்துவிட்டுத் திருத்துங்கள். பதினைந்து வயதில் செய்ய வேண்டிய கைரேகைப் புதுப்பிப்பு விட்டுப்போயிருந்தால் அதையும் முடித்துவிடுங்கள்.

முகவரி அடுத்த சிக்கல். ஆதாரில் இல்லத்தின் முகவரி இருக்கும். பிள்ளை வெளியேறிய பிறகு ஏ.டி.எம். கார்டும் பான் அட்டையும் அங்கேதான் போய்ச் சேரும். புதிய இடத்தில் முகவரிச் சான்று கிடைக்கும்வரை இல்லத்துக்கு வரும் தபாலை யார் வாங்கி வைப்பது என்று பேசி வையுங்கள்.

சாதிச் சான்றிதழ் பற்றிப் பலருக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. பத்து வயதுக்கு முன் பெற்றோரை இழந்து, சட்டப்படியோ வழக்கப்படியோ பார்த்துக்கொள்ள வேறு யாரும் இல்லாமல், அரசு நடத்துகிற அல்லது அங்கீகரித்த இல்லத்திலோ பள்ளியிலோ சேர்க்கப்பட்டவர்கள் தமிழ்நாட்டின் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இடம்பெறுகிறார்கள். தாலுகா அலுவலகத்தில் இதைச் சொல்லி விண்ணப்பிக்கலாம். பெற்றோரின் சாதிச் சான்று கையில் இருந்தால், எது அந்தப் பிள்ளைக்கு அதிகப் பயன் தரும் என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். கடவுச்சீட்டுக்கும் வழி உண்டு: பிறப்புச் சான்று இல்லாவிட்டால் இல்லத் தலைவர் பிறந்த தேதியை உறுதி செய்து தரும் கடிதத்தை ஏற்கலாம் என்று 2016 டிசம்பரில் விதியைத் தளர்த்தினார்கள். பெற்றோரில் ஒருவர் பெயர் மட்டும் கொடுத்தாலும் போதும்.

வங்கிக் கணக்குக்கு நேரில் கூடப் போங்கள். சிறார் கணக்கு பதினெட்டு வயதோடு பெரியவர் கணக்காக மாற வேண்டும். புதிய படம், ஆவணம், மாதிரிக் கையெழுத்து எல்லாம் கேட்பார்கள். கையெழுத்து போடுவது நமக்குச் சிறிய விஷயம். ஒரு பையன் கவுண்டரில் அந்தச் சிறு கட்டத்துக்குள் தன் பெயரைப் பரீட்சைத் தாளில் எழுதுவதுபோல் முழுதாக எழுதினான். இரண்டாவது கட்டத்தில் வேறு மாதிரி. மூன்றாவதில் இன்னொரு மாதிரி. வாழ்நாளில் அதுவரை அவனுக்காகக் கண்காணிப்பாளரே கையெழுத்திட்டு வந்திருக்கிறார். படிவத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு வெளித் திண்ணையில் உட்கார்ந்து, ஒரு பழைய நோட்டில் பக்கம் நிறையப் போட்டுப் பார்த்து, தனக்குப் பிடித்த ஒன்றை அவனே தேர்ந்தெடுத்த பிறகுதான் உள்ளே போனோம். ஒரு வேலைநாள் காலை முழுவதும் இதற்குப் போகும். போகட்டும்.

சமையல், துணி துவைப்பது எல்லாம் தெரிந்திருக்குமே?

துணி துவைப்பது, பெருக்குவது, வரிசையாக அடுக்குவதெல்லாம் நம்மைவிட நன்றாகச் செய்வார்கள். நூறு பேருக்கு அண்டாவில் சோறு வடிக்க உதவிய பெண்ணுக்கு ஒருத்திக்கு எவ்வளவு அரிசி போடுவது என்று தெரியாமல் இருக்கும். அரைக் கிலோ வெங்காயம் என்ன விலை, சிலிண்டர் எப்படி மாற்றுவது, மருந்துக் கடையில் என்ன சொல்லிக் கேட்பது, பஸ்ஸில் எங்கே இறங்குவது என்று தெரியாவிட்டால் யாரைக் கேட்பது, இப்படிப் பல இருக்கும். மணி அடித்தால் எழுந்து, மணி அடித்தால் சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்கு மாலை ஆறு மணிக்கு என்ன செய்வது என்று தானே முடிவு செய்வதே புதிது. சந்தைக்கு ஒன்றாகப் போங்கள். பணத்தை அவர்கள் கையில் கொடுத்து வாங்கச் சொல்லுங்கள். நீங்கள் பேரம் பேசாதீர்கள்.

தங்குவதற்கு இடம்?

படிக்கிறவர்களுக்குக் கல்லூரி விடுதி. பெண்களுக்கு, வேலைக்குப் போகத் தொடங்கியதும், அரசின் தோழி விடுதிகள் பாதுகாப்பான இடம். சென்னைப் புறநகர், திருச்சி, வேலூர் உட்படப் பல ஊர்களில் இருக்கின்றன. பையன்கள் பெரும்பாலும் அறையைப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். 2017ஆம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதிக்கொள்ளாவிட்டால், முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது. சென்னையில் இன்னும் பத்து மாதம் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். ஒப்பந்தத்தைப் படித்துவிட்டுக் கையெழுத்திடச் சொல்லுங்கள். முன்பணத்துக்கு ரசீது வாங்கச் சொல்லுங்கள்.

விடுதியில் ஒரு பிரச்சினையை யாரும் முன்கூட்டி யோசிப்பதில்லை. தீபாவளி, பொங்கல், செமஸ்டர் விடுமுறை. விடுதியைப் பூட்டுவார்கள், மெஸ் நின்றுவிடும், அறைத் தோழர்கள் பையைத் தூக்கிக்கொண்டு ஊருக்குக் கிளம்புவார்கள். இந்தப் பிள்ளை எங்கே போவான்? “நண்பன் வீட்டுக்குப் போகிறேன்” என்று சொல்லிவிட்டு ரயில் நிலையத்தில் இரவைக் கழித்தவர்கள் உண்டு. விடுமுறைக்கு ஒரு மாதம் முன்பே கேளுங்கள். பழைய இல்லத்தில் சில நாள் தங்க முடியுமா, மூத்த பிள்ளைகளின் அறையில் இடமுண்டா என்று ஏற்பாடு செய்யுங்கள். பதினெட்டு கடந்து, நன்றாகப் பழகி, உங்கள் வீட்டில் எல்லோரும் மனதார ஒப்புக்கொண்டால் பண்டிகைக்கு வீட்டுக்கும் அழைக்கலாம். அழைத்தால் ஒவ்வோர் ஆண்டும் அழையுங்கள்.

பணம் கேட்டால் கொடுக்கலாமா?

பசி என்றால் கணக்குப் பார்க்காதீர்கள், சாப்பாடு வாங்கிக் கொடுங்கள். கடனாக எதையும் கொடுக்காதீர்கள். திருப்பித் தர முடியாத பையன் உங்கள் போனை எடுக்க வெட்கப்படுவான். இரண்டாயிரம் ரூபாய்க்காக இரண்டு ஆண்டு உறவு போகும். கட்டணம், முன்பணம் போன்ற பெரிய தேவை என்றால் எங்களிடமோ மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிடமோ சொல்லுங்கள்.

இரண்டு ஆபத்துகளைக் கட்டாயம் விளக்கிச் சொல்லுங்கள். ஒன்று, போனில் உடனடிக் கடன் தரும் செயலிகள். இன்னொன்று, “உன் பெயரில் ஒரு கணக்குத் தொடங்கி ஏ.டி.எம். கார்டையும் சிம்மையும் கொடு, ஐயாயிரம் தருகிறேன்” என்று வருகிறவர்கள். இணைய மோசடிப் பணம் அந்தக் கணக்கில் புரளும். போலீஸ் முதலில் தேடி வருவது கணக்கின் உரிமையாளரைத்தான். கேட்க ஆளில்லாத பிள்ளை என்று தெரிந்தேதான் இவர்கள் குறிவைக்கிறார்கள்.

கொரோனாவில் பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கு வைப்புத்தொகை இருக்கிறதே?

ஆம். இருவரையும் இழந்தவர்கள் பெயரில் தமிழ்நாடு அரசு 5 லட்சம் ரூபாய் வைப்பு வைத்தது. பதினெட்டு முடிந்ததும் வட்டியோடு கிடைக்கும். மத்திய அரசின் பி.எம். கேர்ஸ் திட்டத்தில் 23 வயதில் 10 லட்சம் கிடைக்கும். 2021இல் சிறுவர்களாக இருந்தவர்கள் இப்போது ஒவ்வோர் ஆண்டும் பதினெட்டைத் தொட்டுக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் பிறந்தநாளுக்கு முந்தைய மாதம் சித்தப்பாக்களும் தூரத்துச் சொந்தங்களும் அன்போடு வருவார்கள். எல்லோரையும் குறை சொல்லவில்லை, வளர்த்தவர்கள் இருக்கிறார்கள். பணம் கைக்கு வந்த முதல் ஆறு மாதம் யாருக்கும் கொடுப்பதில்லை, பைக் வாங்குவதில்லை, பெரும் பகுதியை மறுபடி வைப்பில் போடுவது என்று பிள்ளையே முன்கூட்டி முடிவு செய்துகொள்ளத் துணை நில்லுங்கள். அந்தப் பணத்தைப் பற்றி நீங்களும் முதலீட்டு யோசனை சொல்லாதீர்கள். உங்களுக்குத் தெரிந்த முகவரிடம் காப்பீட்டுத் திட்டம் எடுக்கச் சொல்வதற்குக் கண்டிப்பாக அனுமதி இல்லை.

வேலைக்குச் சேர்ந்த பிறகு என் பங்கு என்ன?

முதல் சம்பளச் சீட்டை ஒன்றாக உட்கார்ந்து படியுங்கள். பி.எஃப். பிடித்தம் என்றால் என்ன, வேலை மாறினாலும் பி.எஃப். கணக்குக்கான அதே யு.ஏ.என். எண்ணையே தொடர வேண்டும் என்பது, இ.எஸ்.ஐ. அட்டையை வைத்து எந்த மருத்துவமனைக்குப் போகலாம் என்பது, இவற்றை வீட்டில் அப்பாக்கள் பேச்சுவாக்கில் சொல்லிவிடுவார்கள். இவர்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். மேலாளர் ஒரு வார்த்தை திட்டினால் வேலையை விட்டுவிடுவது இந்த வயதில் சாதாரணம். எல்லாப் பிள்ளைகளும் செய்வதுதான். வீடு இருக்கிற பிள்ளை மூன்று மாதம் அம்மா சமையலில் காலம் தள்ளுவான். இவன் அடுத்த வாரமே அறையைக் காலி செய்ய வேண்டியிருக்கும். அதைக் கோபப்படாமல் எடுத்துச் சொல்லுங்கள்.

படத்தை முகநூலில் போடலாமா?

கூடாது. குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவது இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவின்படி குற்றம். ஆறு மாதம்வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். பதினெட்டு கடந்தவர்கள் படத்தையும் போடாதீர்கள். இல்லத்தில் வளர்ந்ததை அலுவலகத்தில் சொல்வதா வேண்டாமா என்பது அவர்கள் உரிமை.

திடீரென்று போனை எடுக்காமல் போய்விட்டால்?

நடக்கும். வேலை போயிருக்கும், காதல் முறிந்திருக்கும், உங்களிடம் சொல்ல வெட்கமாக இருக்கும். ஒவ்வொரு வாரமும் வழக்கமான நாளில் ஒரு செய்தி மட்டும் அனுப்புங்கள்: நலமா, நான் இங்கேதான் இருக்கிறேன். “ஏன் எடுக்கவில்லை?” என்று கேட்காதீர்கள். மாதக்கணக்கில் பதில் இல்லாமல் இருந்துவிட்டு, ஓர் இரவில் “அண்ணா, பேசலாமா?” என்று வரும். உயிரை மாய்த்துக்கொள்வதுபோல் பேசினால் தனியே சமாளிக்காதீர்கள்; மனநல உதவிக்கான 14416 டெலி மானஸ் எண்ணை இருவரும் சேர்ந்தே அழையுங்கள், அன்றிரவு அவர் தனியே இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள், எங்களுக்கும் உடனே சொல்லுங்கள். பதினெட்டு முடியாதவர் என்றால் குழந்தைகள் உதவி எண் 1098.

எங்கே தொடங்குவது?

ஒவ்வொரு மாவட்டத்திலும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு இருக்கிறது. அலுவலகம் எங்கே என்று மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள். அங்கேயோ, உங்கள் ஊரில் பதிவு பெற்ற குழந்தைகள் இல்லத்திலோ, பிற்காப்புக்கு வழிகாட்டியாக வர விரும்புவதாகச் சொல்லுங்கள். அடையாளச் சான்று, காவல்துறைச் சரிபார்ப்புச் சான்று, உங்களைத் தெரிந்த இருவரின் தொலைபேசி எண் ஆகியவற்றைக் கொண்டு போங்கள். வாரத்தில் எந்த நாள் உங்களுக்கு உண்மையிலேயே ஓய்வு, எவ்வளவு தூரம் பயணம் செய்ய முடியும் என்பதை முதல் நாளே வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். யாரோடு உங்களைச் சேர்ப்பது என்பதை அதை வைத்துத்தான் முடிவு செய்வோம்.